ஏலமலைச் சரிவில் ஒரு புதிர்வேலி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டியதுமே கிழக்கு எது, மேற்கு எது என்று குழம்பிவிடும். சற்றுமுன் இடப்பக்கச் சன்னலில் தெரிந்த ஊர், அடுத்த திருப்பத்தில் வலப்பக்கம் வந்து நிற்கும். ஆனாலும் யாரும் வழி தவறுவதில்லை. பாதை ஒன்றே ஒன்று. திசை தொலையும், வழி தொலையாது. மனிதர் தரையில் போட்ட மிகப் பழைய புதிர்வழிகள் எல்லாம் இந்த வகைதான். கிளையே இல்லாத ஒற்றைப் பாதையை ஒரு சிறிய இடத்துக்குள் மடித்து மடித்து வைத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவை நம் ஊரிலேயே உண்டு. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் கற்களை வரிசையாகப் பதித்து உருவாக்கிய வட்டப் புதிர்வழியை 'ஏழு சுற்றுக் கோட்டை' என்கிறார்கள். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் இருப்பது சதுரம். வேண்டுதலை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்துபோய் வெளியே வந்தால் காரியம் கைகூடும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்பவர்கள் உண்டு; தரையில் கிடக்கும் கல்லை யார் எப்போது அடுக்கினார் என்று நிறுவுவது எளிதல்ல என்பதால் அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. கர்நாடகத்தில் ஹளேபீடு ஹொய்சாளேஸ்வரர் கோயில் சுவரில் அபிமன்யு நுழையும் சக்கர வியூகத்தை இதே மாதிரி சுற்றுக்களாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிற்பி செதுக்கிய அந்தப் பாதையில் அபிமன்யு போன வழியே திரும்பி நடந்திருந்தால் வெளியே வந்திருப்பான். அவனை அடைத்தது பாதையல்ல, பின்னால் வந்து மூடிக்கொண்ட ஆட்கள்.

கிளைபிரியும், முட்டுச்சந்து வைத்து ஏமாற்றும் புதிர்வழி பிற்காலத்தது. அதைச் செடியால் வளர்த்தவர்கள் ஐரோப்பியப் பிரபுக்கள். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1690-ஐ ஒட்டி நட்ட புதிர்வேலி இன்றும் நிற்கிறது. அதே நாட்டில் லாங்லீட்டில் 1975-இல் 16,000-க்கும் மேற்பட்ட யூ மரங்களை நட்டு ஒன்று அமைத்தார்கள். யூ குளிர்நாட்டு மரம், மெதுவாக வளரும், இலையும் விதையும் விஷம், நமக்கு ஆகாது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்த உதாரணம் வேண்டுமானால் ஹவாய்த் தீவுகளைப் பார்க்கலாம். அங்கே டோல் அன்னாசித் தோட்டத்தில் 1998-இல் செம்பருத்தி முதலான 14,000 வெப்பமண்டலச் செடிகளைக் கொண்டு ஒன்றைத் திறந்தார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்தில் 2019-இல் கண்ணாடிக் கூரைக்குக் கீழேயே வேலிப்புதிர் வைத்துவிட்டார்கள். ஊட்டியில் கர்நாடக அரசின் தோட்டக்கலைப் பூங்காவிலும் ஒன்று இருக்கிறது.

பெயர்பெற்ற இந்த வேலிகளில் பெரும்பாலானவை சமதளத்தில் நிற்பவை, அல்லது சமதளமாக்கிய இடத்தில். போடியின் மேற்கே, குரங்கணிப் பக்கமோ முந்தல் பக்கமோ, ஒரு பள்ளிக்கூடமோ தோட்டக்காரரோ சரிவில் அப்படி ஒன்று வைக்க நினைத்தால் கதையே வேறு. இங்கே புதிரை முதலில் விடுவிக்கப்போவது குழந்தையல்ல, மழைத்தண்ணீர். அது முட்டுச்சந்தில் திரும்பி நடக்காது. வேலியின் காலை அரித்துக்கொண்டு நேரே இறங்கும். ஆகவே வரைபடத்தைத் தண்ணீருக்காக ஒருமுறையும் குழந்தைக்காக ஒருமுறையும் போட வேண்டும். முதலில் தண்ணீருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏழு சுற்றுள்ள வட்டம். நடைபாதை ஒரு மீட்டர், வேலியின் பருமன் 60 சென்டிமீட்டர், நடுவே ஒன்றரை மீட்டர் ஆரத்தில் ஒரு திடல். மொத்த ஆரம் 12.7 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 507 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டரை சென்ட். இந்தச் சிறிய இடத்துக்குள் 310 மீட்டர் நீளப் பாதை மடிந்து கிடக்கும். வேலியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. அடிக்கு ஒரு செடி என்றால் ஆயிரத்துச் சொச்சம் செடி. வேர் பிடிக்கும்வரை ஒரு செடிக்கு நாலு லிட்டர் ஊற்றினால் ஒரு தடவைக்கு 4,000 லிட்டருக்கு மேல். இது நாம் கொடுக்கும் தண்ணீர். வானம் கொடுப்பது வேறு: இதே இடத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழுவது 12,000 லிட்டருக்கும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் போடிப் பக்கம் அந்த ஓர் அங்குலம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொட்டிவிடும்.

நூறு அடிக்குப் பதினைந்து அடி இறங்கும் சரிவில் இந்த வட்டத்தை வைத்தால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 3.8 மீட்டர் உயர வித்தியாசம். வட்டத்தின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பாதை சரிவுக்குக் குறுக்கே போகிறது. அங்கே ஒவ்வொரு வேலியும் ஒரு வரப்பு மாதிரி நின்று தண்ணீரைத் தடுக்கும், வண்டலைப் பிடித்துக்கொள்ளும். தொல்லை இரண்டு பக்கவாட்டிலும்தான். அங்கே பாதை சரிவோடு சேர்ந்து செங்குத்தாக இறங்குகிறது, இருபுறமும் வேலி வேறு. வாய்க்கால் வெட்டி வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டித் தள்ளக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. ஒரு மழைக்காலம் போதும், பாதை ஓடையாகிவிடும்.

எனவே வட்டத்தை விட்டுவிட்டு முட்டை வடிவத்துக்குப் போக வேண்டும். நீளவாட்டு சரிவுக்குக் குறுக்கே 36 மீட்டர், அகலவாட்டு சரிவோடு 18 மீட்டர். பரப்பு மாறவில்லை, உயர வித்தியாசம் 2.7 மீட்டராகக் குறைந்துவிட்டது, செங்குத்தாக இறங்கும் துண்டுகளும் குட்டையாகிவிட்டன. அந்தத் துண்டுகளில் கல்படி போட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அடியில் தண்ணீர் வெளிப்பக்கம் விலகிப்போக ஒரு சிறு கால்வாய். குறுக்குப் பாதைகளைச் சற்றே மலைப்பக்கம் சாய்த்து வெட்டினால் நீர் வேலியின் மேல் பாயாமல் உள்ளோரமாக நடக்கும். மலைச்சரிவில் தோட்டத்துக்குத் தடம் வெட்டிப் பழகிய ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலும் மட்டப்பலகையும் கொடுத்தால் அவர்களே வெட்டிவிடுவார்கள்.

குறுக்கே போகும் வேலிகளில் கீழ்வரிசைக்கு வெட்டிவேரை விடச் சிறந்த செடி கிடையாது. பானைத் தண்ணீரிலும் தட்டியிலும் மட்டுமே நாம் அறிந்த இந்தப் புல், மண்ணுக்குள் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். பக்கவாட்டில் பரவி அடுத்த செடியின் உணவைப் பறிக்காது. 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்க இதைத்தான் முன்னிறுத்தினார்கள். பிறகு பல நாடுகளுக்கும் போனது. அரையடிக்கு ஒரு தூர் வைத்தால் ஓரிரண்டு ஆண்டில் வரிசை இடைவெளியின்றி மூடிக்கொள்ளும். ஒரு குறை: இலை ஓரம் சொரசொரப்பு, சின்னப் பிள்ளைகளின் கையைக் கீறும். ஆகையால் அதை வேலியின் உட்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி வைத்து, நடைபாதைப் பக்கம் வேறு செடி வைப்பது நல்லது.

அந்த வேறு செடி எது? உயிர்வேலி நமக்குப் புதிதல்ல. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவைப் போத்து நட்டு வேலி வளர்த்தவர்கள் நாம். கிளுவை வறட்சி தாங்கும், ஆனால் முள். வெளிச்சுற்று வேலிக்கு மட்டும் சரி. உள்ளே ஆடாதொடையும் நொச்சியும் வைக்கலாம். இரண்டையும் ஆடு தொடாது என்பது இந்தச் சரிவில் சின்ன விஷயமல்ல. மேய்ச்சலுக்கு ஏறும் மந்தை ஒரே மாலையில் புதிரை 'விடுவித்து' விடும். இரண்டும் போத்திலிருந்தே வேர்விடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். நிறத்துக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும். அரளி, ஊமத்தை கூடாது. திருகுகள்ளியும் கூடாது, பால் கண்ணில் பட்டால் ஆபத்து. உண்ணிச்செடி கேட்காமலே மலையெங்கும் பரவிக் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து நடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஏலமலையில் வைக்கும் புதிர்வழிக்கு ஏலச்செடியையே வேலியாக வைத்தால் என்ன? பார்வைக்கு அது பொருத்தமாகத்தான் தெரியும். போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்தால் இரண்டு ஆள் உயரத் தண்டுகள் இருபக்கமிருந்தும் சாய்ந்து தலைக்கு மேல் கூடிக்கொள்ளும். பத்தடிக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியமாட்டார். ஆனால் குனிந்து பார்க்க வேண்டும். ஏலம் காய்ப்பது தலையிலல்ல, காலடியில். தூரின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து நடைபாதைக்கே வந்துவிடும். அதில் வெள்ளைப் பூ, உதட்டு இதழில் ஊதா நிறக் கோடுகள். அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு தேனீ உள்ளே இறங்கினால்தான் மகரந்தம் சூலகமுடிக்குப் போய்ச் சேரும். பூவின் ஆயுளோ ஒரு நாள்தான். அந்தச் சரத்தின் மேல் ஒரு குழந்தை ஓடினால் ஒரு பருவத்துக் காய் போச்சு. மேலும் ஏலத்துக்கு நிழல் வேண்டும், வேலிக்கு வெயில் வேண்டும். அடிவாரத்து வெப்பத்தில் அது நிற்கவே நிற்காது. சுமார் 600 மீட்டருக்கு மேல்தான் அதற்கு ஊர். போதாக்குறைக்கு அசுவினி பரப்பும் கட்டே என்னும் வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது, தூரோடு பிடுங்கி அழிப்பதுதான் வழி. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று கண்ட தோட்டத்துக் கிழங்கைக் கொண்டுவந்து ஊன்றுவது பக்கத்துத் தோட்டக்காரருக்குச் செய்யும் துரோகம். உயரம் தோதான இடமென்றால், நடுத்திடலில் ஒரு நிழல்மரமும் அதன் கீழ் நல்ல நாற்றங்காலிலிருந்து வாங்கிய இரண்டு தூர் ஏலமும் வைக்கலாம். சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த பிள்ளை அங்கே உட்கார்ந்து அந்தப் பூவைக் கிட்டத்தில் பார்க்கட்டும்.

நட்டதால் மட்டும் வேலி ஆகிவிடாது, வெட்டினால்தான் ஆகும். நுனிமொட்டு இருக்கும்வரை அதற்குக் கீழே கணுக்களில் உறங்கும் மொட்டுகள் எழும்புவதில்லை. நுனியில் உருவாகிக் கீழ்நோக்கி ஓடும் ஆக்சின் என்னும் ஊக்கி அவற்றை அடக்கி வைக்கிறது என்பது நெடுநாளைய பாடம். 2014-இல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு அந்தக் கதையில் முன்பகுதி ஒன்றைச் சேர்த்தது. நுனியை வெட்டியவுடன் முதலில் நடப்பது, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை கீழே உள்ள மொட்டுகளுக்குத் திரும்புவது. ஆக்சின் குறைந்தது அங்கே தெரிவதற்கு முன்பே, வந்த சர்க்கரையைத் தின்று மொட்டு விழித்துக்கொள்கிறது.

இதைப் பெரிய அளவில் பார்க்க போடிமெட்டுக்கு அப்பால் தேவிகுளம், மூணாறு போகும் வழியே போதும். சும்மா விட்டால் மரமாக வளரும் தேயிலையை இடுப்புயரத்தில் மேசைபோல் வைத்திருப்பது கவாத்தும் கொழுந்து பறிக்கும் கைகளும். பறிக்கிற ஒவ்வொரு கொழுந்தும் ஒரு சிறு கவாத்து. ஒன்று போனால் இரண்டு எழும்பும். செடிகளுக்கிடையே ஆள் நுழையும் அந்த ஒற்றைக் கோடுகளை எதிர்மலையிலிருந்து பாருங்கள். பல கிலோமீட்டர் நீளப் புதிர்வழி, யாரும் விளையாட்டுக்குப் போடாதது.

வேலி வெட்டுவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் விட்டுவிடுவது. செடி தானாக வளர விரும்புவது அப்படித்தான், மேலேதான் வெயில். ஆனால் மேல் இலை தன் பசையத்துக்குச் சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டு, அதைவிட அலைநீளம் கூடிய தொலைச்சிவப்பைக் கீழே கடத்திவிடுகிறது. சிவப்பு குறைந்து தொலைச்சிவப்பு மிகுந்த வெளிச்சத்தைச் செடி 'பக்கத்தில் போட்டி இருக்கிறது' என்று படிக்கிறது: தண்டு ஒல்லியாக மேலே நீளும், அடியிலைகள் உதிரும். பிறகு வேலியின் அடியில் ஓட்டை, ஓட்டை வழியே பிள்ளைகள். அடி அகலமாக, தலை ஒடுக்கமாகச் சாய்த்து வெட்டினால் காலை வெயில் அடிவரை இறங்கும். போடிச் சரிவு கிழக்கு நோக்கியது. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். ஆகவே காலைவெயில்தான் இங்கே முதலீடு.

உயரம் எவ்வளவு? ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். நாலடி வேலி வைத்தால் அதற்கு அது காடு. உடன் வந்த அம்மாவுக்கு உள்ளே இருக்கும் எல்லாத் தலையும் தெரியும். ஆளுயரம் வைத்து மிரட்ட வேண்டியதில்லை. பாம்பு நடமாடும் ஊர் இது என்பதும் நினைவில் இருக்கட்டும்: பாதையில் சருகு சேரக்கூடாது, அந்தி சாய்ந்தபின் யாரும் உள்ளே போகக்கூடாது. யானைக்கு மட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. யானைக்கு எந்தப் புதிர்வேலியும் நேர்க்கோடுதான்.

இனிக் குழந்தைக்கான வரைபடம். ஒற்றைப் பாதை போதுமென்றால் கோலம் போடத் தெரிந்தவர் எவரும் வரைந்துவிடலாம். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு ட, மூலை நடுவைப் பார்த்தபடி. ஒவ்வொரு ட-வுக்குள்ளும் ஒரு புள்ளி. கூட்டல் குறியின் மேல்முனையை வலப்பக்கம் அடுத்துள்ள முனையோடு வளைகோட்டால் சேர்க்க வேண்டும். பிறகு இடப்பக்கத்து முதல் முனையை வலப்பக்கத்தில் மிஞ்சியிருப்பவற்றில் முதலாவதோடு, முந்தைய வளைவைச் சுற்றி. இப்படி எட்டு வளைவு போட்டு முடித்தால் ஏழு சுற்று தயார். வெளிச்சுற்றை ஒன்று என்று எண்ணினால் நடப்பவர் 3, 2, 1, 4, 7, 6, 5 என்ற வரிசையில் சுற்றி நடுவைச் சேர்வார். நான்காம் சுற்றிலிருந்து ஏழுக்குத் தாவும்போது நடு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். உடனே பாதை மறுபடி வெளியே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் கத்துவது அந்த இடத்தில்தான்.

கிளைபிரியும் புதிர் வேண்டுமென்றால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். வேலியின் மேல் வலக்கையை வைத்துக் கையை எடுக்காமலே நடந்தால் ஹாம்ப்டன் கோர்ட்டில் நடுவைச் சேர்ந்துவிடலாம். காரணம் எளிது: நடுவைச் சுற்றிய வேலி வெளிவேலியோடு தொடர்ந்து ஒட்டியிருந்தால், கை என்றைக்காவது ஒருநாள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். இந்தத் தந்திரத்தை முறியடிக்க, 18-ஆம் நூற்றாண்டில் கணிதம் அறிந்த ஸ்டான்ஹோப் பிரபு ஒரு வழி கண்டார். நடுவைச் சுற்றிய வேலியை வெளிவேலியிலிருந்து துண்டித்துத் தீவாக்கிவிட்டார். அவர் வரைபடத்தின்படி 1820-களில் இங்கிலாந்தின் செவனிங் மாளிகையில் வேலி வளர்த்தார்கள். அங்கே வேலியைத் தொட்டுக்கொண்டே நடப்பவர் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார். வெளிவேலியோடு ஒட்டாத வேலித்தீவுகள் எத்தனையோ, அத்தனை தனித்தனிச் சுற்றுவழிகள் அந்தப் புதிரில் இருக்கும். செடி நடும் முன்பே காகிதத்தில் தீவுகளை எண்ணிப் புதிரின் கடினத்தை அளந்துவிடலாம்.

தீவு இருந்தாலும் தோற்காத முறை ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரரான ட்ரெமோ கண்ட அதை எதுவார் லூக்கா 1882-இல் தம் கணித விளையாட்டு நூலில் வெளியிட்டார். போடியில் அதற்குப் புளியங்கொட்டை போதும். சந்திப்புக்கு வரும்போது, வந்த வழியின் வாயில் ஒரு கொட்டை. புறப்படும்போது, போகும் வழியின் வாயில் ஒரு கொட்டை. புது வழியில் வந்து ஏற்கெனவே கொட்டை கிடக்கும் சந்திப்பில் சேர்ந்தால் வந்த வழியே திரும்பு. பழைய வழியில் திரும்பி வந்திருந்தால் கொட்டையே இல்லாத வழியை எடு; அதுவும் இல்லையென்றால் ஒரு கொட்டை உள்ளதை எடு. இரண்டு கொட்டை கிடக்கும் வழிக்குள் போகவே போகாதே. நடு கட்டாயம் கிடைக்கும்.

ஒருமுறை விடுவித்த புதிருக்கு மறுமுறை யாரும் வரமாட்டார்கள். ஆகவே வேலியில் மூன்று இடத்தில் செடி வைக்காமல் இடைவெளி விட்டு, அடைக்க வேண்டியபோது பெரிய பூந்தொட்டிகளை நகர்த்தி வைக்கலாம். ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்பதால் ஒரே வேலியில் எட்டுப் புதிர். அவற்றில் சில அமைப்புகளில் நடுவுக்கு வழியே இருக்காது. தொட்டியை நகர்த்துகிறவர் முந்தைய நாள் சாயங்காலமே கொட்டையோடு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை நாற்பது பிள்ளைகள் அதை அவருக்கு விளக்கிச் சொல்வார்கள்.